ஜவ்வு அறுவை சிகிச்சைக்குப் பிறகு சைக்கிள்: நெடுந்தூர ஓட்டக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

முழங்காலின் ஏசிஎல் ஜவ்வு கிழிந்து, அதைப் புதிதாகக் கட்டும் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஓட்டக்காரர்களுக்காக இந்தப் பக்கம். நான் இயன்முறை மருத்துவர், நானும் ஓடுகிறவன்தான். சிகிச்சை முடிந்து வருகிறவர்கள் முதலில் கேட்பது "எப்போது ஓடலாம்?" என்பது. இன்னும் சில மாதங்களுக்குச் சைக்கிள்தான் என்று சொன்னதும் மற்ற கேள்விகள் வரிசையாக வரும்.

மெனிஸ்கஸில் (முழங்காலுக்குள் மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பு) தையல் போடாமல் ஏசிஎல் மட்டும் கட்டப்பட்ட காலை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். மற்ற அறுவை சிகிச்சைகளுக்குக் கீழே தனியாக ஒரு கேள்வி உண்டு. உங்கள் அறுவை சிகிச்சை நிபுணர் கொடுத்த தாளில் வேறு விதமாக எழுதியிருந்தால் அதுவே செல்லும். உங்கள் மூட்டைத் திறந்து பார்த்தவர் அவர்.

எத்தனையாவது நாளில் சைக்கிளில் ஏறலாம்?

நாளை எண்ணுவதைவிடக் காலைப் பார்ப்பது நல்லது. தையல் போட்ட இடம் காய்ந்து மூடியிருக்க வேண்டும். வீக்கம் நாளுக்கு நாள் குறைந்து வர வேண்டும். மல்லாந்து படுத்துக் காலை நீட்டித் தூக்கினால் முழங்கால் தொய்ந்து மடங்கக் கூடாது. முழங்கால் ஏறத்தாழ 110 டிகிரி மடங்க வேண்டும். பெடல் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற அவ்வளவு மடக்கம் தேவைப்படுகிறது. பெரும்பாலானவர்களுக்கு இவை எல்லாம் இரண்டாவது வாரத்துக்கும் ஆறாவது வாரத்துக்கும் இடையில் கூடி வரும்.

சைக்கிள் என்று இங்கே சொல்வது நகராத சைக்கிளை: ஜிம்மில் இருப்பதோ, ட்ரெய்னரில் (சைக்கிளை நகராமல் பிடித்து நிறுத்தும் தாங்கி) மாட்டிய உங்கள் சொந்தச் சைக்கிளோ. சாலைக்கு வெகுநாள் இருக்கிறது.

பெடல் மேலே வரும்போது முழங்கால் இறுகி நின்றுவிடுகிறது. என்ன செய்வது?

அரைச் சுற்று போதும். இறுகும் இடம் வரை முன்னால் கொண்டுபோய், இரண்டு மூன்று நொடி நிறுத்தி, பின்னால் கொண்டு வாருங்கள். ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஐந்து நிமிடம். பலருக்கு முழுச் சுற்று முதலில் பின்னோக்கித்தான் வரும். இடுப்பைத் தூக்கி ஏமாற்றிச் சுற்றிவிடாதீர்கள். அதில் முழங்காலுக்கு ஒரு டிகிரிகூடக் கூடுவதில்லை.

ஏன் சைக்கிள்? நடக்கலாமே, நீந்தலாமே?

நடக்கத்தான் வேண்டும், நொண்டாமல் நடக்கப் பழகுவது இந்த மாதங்களின் முக்கிய வேலைகளில் ஒன்று. ஆனால் வாரத்துக்கு நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்த இதயத்துக்கு நடை ஒரு பொருட்டே இல்லை. நீச்சலுக்குக் காயம் முழுதாக மூட வேண்டும். தவளை நீச்சலில் காலைச் சுழற்றி உதைப்பது புதிய ஜவ்வுக்கு ஆகவே ஆகாது.

சைக்கிளில் மூன்று வசதிகள். உட்கார்ந்து மிதிக்கும்போது ஏசிஎல் மீது விழும் இழுவிசை மிகக் குறைவு. ஜவ்வில் நேரடியாக அளவுக் கருவி பொருத்தி அளந்தபோது அது ஏறக்குறைய இரண்டு சதவீதத்துக்குள்தான் நீண்டது. ஒவ்வொரு அடியிலும் உடல் எடையின் இரண்டு மூன்று மடங்கு வந்து தாக்கும் ஓட்டத்தின் அதிர்ச்சி இதில் கிடையாது. மூன்றாவது, அளவு உங்கள் கையில் இருக்கிறது. எட்டு நிமிடம் என்றால் எட்டு நிமிடத்தில் இறங்கிவிடலாம். பாதித் தூரத்தில் வலி வந்து, வீடு இன்னும் மூன்று கிலோமீட்டர் என்று திகைத்து நிற்க வேண்டியதில்லை.

சீட்டை எவ்வளவு உயரத்தில் வைப்பது?

இதற்கு நேரம் செலவிடுங்கள். ஜிம்மில் முந்தைய ஆள் வைத்துவிட்டுப் போன உயரத்திலேயே ஏறி மிதிப்பவர்கள்தான் முன்முழங்கால் வலியோடு என்னிடம் வருகிறார்கள்.

எளிய வழி: சீட்டில் உட்கார்ந்து பெடலைக் கீழே கொண்டுபோய், குதிகாலைப் பெடலின் மேல் வையுங்கள். அப்போது கால் நேராக நீண்டிருக்க வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. பிறகு முன்பாதத்தைப் பெடலில் வைத்தால், கீழ்ப்புள்ளியில் முழங்கால் 25 முதல் 35 டிகிரி வரை மடங்கியிருக்கும். அதுதான் வேண்டியது. கணக்குப் பிரியர்களுக்கு இன்னொரு வழி: கால் இடுக்கிலிருந்து தரை வரை உள்ள உயரத்தை 0.883 ஆல் பெருக்கினால், கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய அளவு கிடைக்கும். 80 செ.மீ. என்றால் 70.6 செ.மீ. இது தொடக்கப் புள்ளிதான். காலணி, பாத நீளம், உட்காரும் வாகு எல்லாம் இதை மாற்றும்.

முதல் சில வாரங்களில் சீட்டைச் சிறிது உயர்த்தி வைப்பது வழக்கம். மேல்புள்ளியில் முழங்கால் குறைவாக மடங்கும். அதற்காகப் பெடலை எட்டிப் பிடிக்க இடுப்பு இருபுறமும் ஆடும் அளவுக்கு உயர்த்த வேண்டாம். சொந்தச் சைக்கிள் வைத்திருப்பவர்கள் 172.5 மி.மீ. கிராங்கைக் கழற்றிவிட்டு 165 மி.மீ. போட்டால் இன்னும் சுலபம். வட்டம் சிறியதாவதால் மேலே வரும்போது கால் அவ்வளவு மடங்க வேண்டியதில்லை. மடக்கம் 120 டிகிரியைத் தாண்டிய பிறகு இந்தச் செலவு அவசியமில்லை.

இரண்டு மாதமாகிறது, வலியே இல்லை. ஜவ்வு ஒட்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

புதிய ஜவ்வு உங்கள் பின்தொடைத் தசையின் நாணிலிருந்தோ, முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள நாணிலிருந்தோ, சில சமயம் சில்லுக்கு மேலே உள்ள நாணிலிருந்தோ எடுக்கப்பட்டது. எடுத்த நொடியிலேயே அதன் ரத்த ஓட்டம் அறுந்துவிடுகிறது. மூட்டுக்குள் பொருத்திய பிறகு அதன் பழைய செல்கள் பெரும்பாலும் இறந்துபோகின்றன. சுற்றியுள்ள சவ்விலிருந்து புதிய ரத்தக் குழாய்கள் மெல்ல உள்ளே நுழைந்து, புதிய செல்கள் குடியேறி, நார்கள் புதிதாக நெய்யப்படுகின்றன. பொருத்திய நாளில் இருந்த பலம் இந்த வேலை நடக்கும்போது குறைந்து, பிறகுதான் ஏறுகிறது. பிடுங்கி நட்ட நாற்று வேர்பிடிக்கும் முன் சோர்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இதுவும் அந்தப் பருவம்தான். ஜவ்வு மிகவும் பலவீனமாக இருப்பது ஏறத்தாழ ஆறாவது வாரத்துக்கும் பன்னிரண்டாவது வாரத்துக்கும் இடையில். முழுதாக முதிர ஓர் ஆண்டு, சிலருக்கு இரண்டு ஆண்டுகள் ஆகும்.

இப்போது நாட்காட்டியைப் பாருங்கள். ஊன்றுகோலை விட்டாயிற்று, வீக்கம் வடிந்தது, சைக்கிளில் அரை மணி நேரம் மிதிக்க முடிகிறது, மூச்சு பழையபடி வருகிறது. "நான் பழைய ஆளாகிவிட்டேன்" என்று தோன்றும் வாரங்கள்தான் ஜவ்வின் மிக மோசமான வாரங்கள். சைக்கிள் உங்கள் நெஞ்சை வேகமாகத் திருப்பித் தருகிறது. முழங்கால் அந்த வேகத்தில் வருவதில்லை. ஓட்டக்காரர்களிடம் இது கூடுதல் ஆபத்து. உடல் தயாரா என்று மூச்சை வைத்தே முடிவு செய்து பழகியவர்கள் அவர்கள். இந்த ஆண்டு அந்தப் பழக்கத்தை ஒதுக்கி வைக்க வேண்டும்.

அந்த வாரங்களில் சைக்கிளை நிறுத்த வேண்டியதில்லை. பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது, படியில் இரண்டிரண்டாகத் தாவுவது, ஈரத் தரையில் சட்டென்று திரும்புவது, குழந்தைகளோடு கிரிக்கெட் ஆடுவது ஆகியவற்றை நிறுத்துங்கள்.

எவ்வளவு நேரம், எவ்வளவு இறுக்கத்தில் மிதிப்பது?

சைக்கிளில் ஏறிய முதல் இரண்டு வாரம் இறுக்கமே இல்லாமல், ஐந்து முதல் பத்து நிமிடம், நாளுக்கு இரண்டு முறை. இதைப் பயிற்சி என்று நினைக்காதீர்கள். மூட்டுக்கு எண்ணெய் விடும் வேலை. பிறகு ஒரே வேளையில் இருபது, முப்பது நிமிடம் வரை நீட்டுங்கள். நேரம் சுலபமாகும்போது சுற்றைக் கூட்டுங்கள், நிமிடத்துக்கு 80 முதல் 90 வரை. கடைசியாகத்தான் இறுக்கம். ஒரு வாரத்தில் இவற்றில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றி முழங்கால் வீங்கினால், எதனால் வீங்கியது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எட்டாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை, முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே மிதிக்கக்கூடிய வேகத்தில் நாற்பது நிமிடம், ஒரு மணி நேரம் போகலாம். மூன்றாவது மாதம் முடிந்து, தொடைத் தசை ஓரளவு திரும்பியிருந்தால், நான்கு நிமிடம் கடுமையாக, மூன்று நிமிடம் மெதுவாக என்று நான்கு முறை. பழைய ஓட்டக்காரருக்கு இந்தப் பயிற்சி கிடைத்த நாளில் முகத்தில் வரும் களையே தனி.

பெரிய கியர் போட்டு நிமிடத்துக்கு 50, 60 சுற்றில் நெம்பி மிதிப்பதைக் கடைசிவரை தள்ளிப் போடுங்கள். அந்த அழுத்தம் முழுவதும் முழங்கால் சில்லின் பின்னால் போய் விழுகிறது. சில்லின் கீழுள்ள நாணிலிருந்து ஜவ்வு எடுக்கப்பட்டவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும்.

வலிதான் வழிகாட்டியா?

வீக்கம்தான். வலி பொய் சொல்லும், குறிப்பாக மாத்திரை போட்டிருந்தால். மிதிப்பதற்கு முன் வலி மாத்திரை போட்டுக்கொண்டு உட்காருவது விளக்கை அணைத்துவிட்டுப் பாதை தேடுவது என்பேன்.

முழங்காலுக்குள் சிறிதளவு நீர் சேர்ந்தாலே முன்தொடைத் தசைக்குப் போகும் நரம்புக் கட்டளை மட்டுப்படும். மூட்டைக் காப்பாற்ற உடல் தானே செய்யும் வேலை அது. ஆனால் விளைவு மோசம்: நீங்கள் எவ்வளவு மிதித்தாலும் தசை முழுதாக வேலை செய்யாது, தொடை மெலிந்துகொண்டே போகும். வீங்கிய முழங்காலோடு செய்யும் பயிற்சி பாதிக்கு மேல் வீண்.

வீட்டில் பார்க்க ஒரு வழி. காலை நீட்டி உட்காருங்கள். முழங்கால் சில்லின் உள்பக்கக் குழியைக் கீழிருந்து மேலாகக் கையால் இரண்டு மூன்று முறை தடவி நீரை மேலே தள்ளுங்கள். பிறகு வெளிப்பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு தடவு. உள்பக்கக் குழியில் சிறிய அலை போல ஏதாவது மேலெழும்புகிறதா பாருங்கள். ஒன்றும் இல்லை என்றால் நல்லது. சிறிய அலை என்றால் அதே அளவில் தொடருங்கள், கூட்டாதீர்கள். தடவி முடிக்கும் முன்பே குழி தானாக நிரம்பிவிடுகிறது என்றால் ஓரிரு நாள் ஓய்வு, பிறகு பாதி அளவு. இதை மறுநாள் காலை எழுந்ததும் செய்யுங்கள். மிதித்து இறங்கியவுடன் எல்லா முழங்காலும் நன்றாகத்தான் இருக்கும்.

நல்ல கால்தான் எல்லாவற்றையும் மிதிக்கிறது என்று சந்தேகமாக இருக்கிறது.

சந்தேகம் வேண்டாம், அப்படித்தான் நடக்கிறது. நடக்கும்போது நொண்டினால் பக்கத்து வீட்டுக்காரர்கூடக் கண்டுபிடித்துவிடுவார். சைக்கிளில் இரண்டு பெடலும் ஒரே அச்சில் இணைந்திருப்பதால் நல்ல கால் அழுத்த, மற்ற கால் சும்மா சுற்றி வரலாம். பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு மணி நேரம் மிதித்து வியர்த்து இறங்கியிருப்பீர்கள், சிகிச்சை பெற்ற தொடைக்கு அன்று விடுமுறை.

இடது, வலது கால்களைத் தனித்தனியாக அளக்கும் பவர் மீட்டர் இருந்தால் உடனே தெரியும். இல்லாதவர்கள் தையல்காரர் டேப்பை எடுத்து, சில்லின் மேல் விளிம்பிலிருந்து 10 செ.மீ. மேலே இரண்டு தொடைகளையும் சுற்றளவு எடுத்து மாதம் ஒரு முறை எழுதி வையுங்கள். வித்தியாசம் குறையாவிட்டால் சைக்கிள் மட்டும் போதவில்லை என்று பொருள்.

இறுக்கத்தைக் குறைத்து, நல்ல காலைப் பக்கத்தில் ஒரு முக்காலியில் வைத்துவிட்டு, மற்ற காலால் மட்டும் முப்பது நொடி மிதிப்பது ஒரு நல்ல பழக்கம். காலைப் பெடலோடு கட்டும் பட்டையோ, ஷூவின் அடியில் மாட்டிப் பெடலில் பூட்டும் க்ளீட்டோ இதற்குத் தேவைப்படும் என்பதால், பின்தொடை நாணிலிருந்து ஜவ்வு எடுக்கப்பட்டவர்கள் மூன்றாவது மாதத்துக்கு முன் இதைத் தொட வேண்டாம். பெடலை மேலே இழுக்கும் வேலை அந்த ஆறாத நாணின் மீதுதான் விழும்.

க்ளீட் ஷூ எப்போது போடலாம்?

நகராத சைக்கிளில்கூட இரண்டு, மூன்று மாதம் கழித்து. மிதிப்பது பிரச்சினை அல்ல. இறங்கும்போது குதிகாலை வெளியே திருகிக் கழற்ற வேண்டியிருக்கிறது, அந்தத் திருகல் நேராக முழங்காலுக்குப் போகிறது. போடும்போது ஸ்பிரிங்கை மிகத் தளர்வாக வைத்து, பாதம் சிறிது அசைய இடம் தரும் க்ளீட்டை எடுங்கள். ஷிமானோவின் சாலைப் பெடலுக்கு மஞ்சள் க்ளீட் 6 டிகிரி அசைவு தரும், நீலம் 2 டிகிரி, சிவப்பு அசையவே விடாது. லுக் நிறுவனத்தில் நிற வரிசை வேறு: அங்கே சிவப்புதான் அதிகம் அசையும், 9 டிகிரி. கடையில் நிறத்தைச் சொல்லி வாங்காமல் அட்டையைப் படித்து வாங்குங்கள்.

தினமும் மிதிக்கிறேன். ஆனாலும் கால் கடைசி ஐந்து டிகிரி நீள மறுக்கிறது. ஏன்?

சைக்கிளில் முழங்கால் ஒருபோதும் முழுதாக நீள்வதே இல்லை. கீழ்ப்புள்ளியிலும் 25 டிகிரிக்குக் குறையாமல் மடங்கித்தான் இருக்கிறது. மடக்கத்தை அது அழகாகத் திருப்பித் தரும், நீட்டத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. மிதித்து முடித்தபின் குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, முழங்காலுக்கு அடியில் ஒன்றும் வைக்காமல், பத்து நிமிடம் தொங்கவிடுங்கள். குப்புறப் படுத்து, முழங்காலுக்குக் கீழே காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடுவதும் அதே வேலையைச் செய்யும். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்குவது சுகம்தான். அந்தச் சுகத்தால் நீட்டத்தை இழந்தவர்கள் நிறைய.

இப்படிச் செய்தும் நீளவில்லை, முன்னால் ஏதோ இடிப்பது போல இருக்கிறது என்றால் நிபுணரைப் பாருங்கள். புதிய ஜவ்வுக்கு முன்னால் தழும்புத் திசு முடிச்சுப் போல வளர்ந்து நீட்டத்தைத் தடுப்பது உண்டு.

என் தாங்குதிறன் எவ்வளவு போயிருக்கும்? சைக்கிளில் அது திரும்புமா?

1984-இல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வில், பல ஆண்டுகள் பயிற்சி பெற்றவர்கள் பயிற்சியை அடியோடு நிறுத்தினார்கள். உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு முதல் மூன்று வாரத்தில் 7 சதவீதம் குறைந்தது. எட்டு வாரத்தில் 16 சதவீதம் குறைந்து அங்கேயே நின்றது. முதலில் இறங்குவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, அது திரும்பி வருவதும் சீக்கிரம். ஆகவே ஆறாவது வாரத்தில் சைக்கிளில் ஏறி மூச்சு வாங்கினால் கலங்க வேண்டாம்.

ஒன்றைக் கவனியுங்கள். ஓட்டத்தில் பார்த்த நாடித்துடிப்பு எண்கள் சைக்கிளுக்குப் பொருந்தாது. உட்கார்ந்திருக்கிறீர்கள், கைகளும் உடம்பும் சும்மா இருக்கின்றன. அதே உழைப்புக்குத் துடிப்பு ஐந்து, பத்து குறைவாகவே காட்டும். ஓட்டத்தில் 150-இல் வைத்திருந்த சுலபமான ஓட்டத்தைச் சைக்கிளிலும் 150-இல் தேடினால் நாள் முழுவதும் கடும்பயிற்சியாகிவிடும். வீட்டுக்குள் மின்விசிறி இல்லாமல் மிதித்தால் இதற்கு நேர்மாறாக, வெப்பத்தால் துடிப்பு தானாக ஏறிக்கொண்டே போகும். சென்னை மே மாதத்தில் கேட்கவே வேண்டாம். விசிறியை நேராக நெஞ்சுக்கு வையுங்கள்.

சாலையில் எப்போது ஓட்டலாம்?

மூன்று மாதத்துக்கு முன் இல்லை, பலருக்கு நான்கு. மிதிக்கத் தெரியாமல் அல்ல. நாய் குறுக்கே வரும், முன்னால் போகும் ஷேர் ஆட்டோ சொல்லாமல் நிற்கும், நீங்கள் சட்டென்று ஒரு காலை ஊன்றுவீர்கள். எந்தக் கால் என்று தேர்வு செய்ய நேரம் இருக்காது. சிகிச்சை பெற்ற காலில் ஒற்றையாக நின்று, கால்வாசி உட்கார்ந்து எழும்போது முழங்கால் உள்ளே சாயாமல் இருந்தால்தான் அந்த நொடியைத் தாங்கும்.

தொடக்கத்தில் விடியற்காலையில், தட்டையான, பழகிய சாலையில், சாதாரணப் பெடலோடு போங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிறு காலை மாமல்லபுரம் பக்கம் போகும் கூட்டத்தோடு முதல் நாளே சேர வேண்டாம். அங்கே சக்கரத்துக்குச் சக்கரம் ஒட்டிப் போவார்கள். ஒருவர் பிரேக் பிடித்தால் பத்துப் பேர் விழுவார்கள்.

சைக்கிளே போதுமா? ஜிம்முக்குப் போக எனக்குப் பிடிக்காது.

போதாது. பிடிக்காவிட்டாலும் போக வேண்டும். படியேறி இறங்குவது, ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுவது, லெக் பிரஸ், ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்குவது: வாரம் மூன்று நாள். சைக்கிளில் ஆயிரம் முறை சிறிதாக அழுத்துவது தசையை வளர்க்காது. கனமாகச் சில முறை அழுத்துவதுதான் வளர்க்கும். எலும்புக்கும் தரையின் தாக்கம் வேண்டும். சைக்கிள் மட்டுமே ஓட்டும் வீரர்களிடம் எலும்பின் அடர்த்தி குறைவாக இருப்பது தெரிந்த விஷயம். பல மாதம் தாக்கமே இல்லாமல் இருந்துவிட்டு நேராக ஓடினால், முழங்கால் தாங்கினாலும் கீழ்க்கால் எலும்பில் மயிரிழை முறிவு வரலாம்.

மற்ற அறுவை சிகிச்சைகளுக்கும் இதே வழிதானா?

மெனிஸ்கஸில் தையல் போட்டிருந்தால் ஆறு வாரம் வரைகூட 90 டிகிரிக்கு மேல் மடக்கவோ முழு எடையை ஊன்றவோ விடமாட்டார்கள். 110 டிகிரி கேட்கும் சைக்கிள் அதற்குப் பிறகுதான். மெனிஸ்கஸைச் சீவி மட்டும் விட்டிருந்தால் இங்கே சொன்னதைவிட வேகமாகப் போகலாம். குதிகாலுக்கு மேலுள்ள நாண் அறுந்து தைத்தவர்கள் முதலில் பூட்ஸோடு, முன்பாதத்துக்குப் பதிலாகக் குதிகாலைப் பெடலில் வைத்து மிதிப்பார்கள். கீழ்க்கால் எலும்புக்குள் கம்பி போட்டவர்களுக்கு முழங்காலின் முன்பக்கம் நெடுநாள் வலிப்பது சாதாரணம். சீட்டை உயர்த்திப் பாருங்கள்.

சைக்கிள் வீரர்கள் தொடை எலும்பு முறிந்தும் ஆறேழு மாதத்தில் பந்தயத்துக்கு வந்துவிடுகிறார்களே?

வருகிறார்கள். கிறிஸ் ஃப்ரூம் 2019 ஜூன் 12 அன்று பிரான்சின் டாஃபினே பந்தயத்தில் அன்றைய பாதையை முன்னோட்டம் பார்க்கும்போது சுவரில் மோதினார். தொடை எலும்பு, முழங்கை, விலா எலும்புகள் முறிந்தன. 2020 பிப்ரவரியில் ஐக்கிய அரபு அமீரகத்தில் பந்தயம் ஓட்டினார். ஈகன் பெர்னால் 2022 ஜனவரி 24 அன்று கொலம்பியாவில் பயிற்சியின்போது நின்றிருந்த பஸ்ஸின் மேல் மோதினார். தொடை எலும்பும் முழங்கால் சில்லும் முதுகெலும்பும் முறிந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் டென்மார்க்கில் ஓட்டினார்.

பந்தயத்தில் கலந்துகொண்டதையும் பழைய பலத்தோடு திரும்பியதையும் ஒன்றாக எண்ணாதீர்கள். நான்கு முறை டூர் டி பிரான்ஸ் வென்ற ஃப்ரூம் அதன் பிறகு பெரிய பந்தயம் எதையும் வெல்லவில்லை. பெர்னால் ஸ்பெயினின் வுவெல்டாவில் ஒரு கட்டத்தை வென்றது 2025-இல். இன்னொன்று, அவர்களுக்குச் சிகிச்சையும் சைக்கிள், விளையாட்டும் சைக்கிள். சீட்டை விட்டு இறங்கித் தரையில் காலை மோத வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. உங்களுக்குச் சைக்கிள் பாதி வழிதான்.

சரி, எப்போது ஓடலாம்?

பன்னிரண்டாவது வாரத்துக்கு முன் கேட்காதீர்கள். அதன் பிறகு நான் பார்ப்பது: வீக்கம் இல்லை, நீட்டம் மற்ற காலுக்குச் சமம், முன்தொடையின் பலம் மற்ற காலின் 80 சதவீதத்தையாவது எட்டியிருக்கிறது, ஒற்றைக் காலில் இருபது முறை குதிகாலைத் தூக்க முடிகிறது, அரை மணி நேர வேக நடைக்கு மறுநாள் காலை முழங்கால் வீங்கவில்லை. இவை நான்காவது, ஐந்தாவது மாதத்தில் அமைந்தாலும் தாமதம் என்று நினைக்க வேண்டாம்.

தொடக்கம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, மொத்தம் இருபது நிமிடம், ஒருநாள் விட்டு ஒருநாள். இடைப்பட்ட நாளில் சைக்கிள். தட்டையான தார்ச்சாலையோ ட்ரெட்மில்லோ நல்லது. கடற்கரை மணல் மென்மையாக இருக்கும் என்று அங்கே போகிறார்கள்; ஒவ்வொரு அடியிலும் பாதம் ஒரு பக்கம் புதைந்து முழங்காலைத் திருகும், அது வேண்டாம்.

கால்பந்து போன்ற, சட்டென்று திசை திரும்பும் ஆட்டங்களுக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது காத்திருக்க வேண்டும். அவ்வகை ஆட்டக்காரர்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், ஒன்பதாவது மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நேர்கோட்டில் ஓடுகிறவர்களுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் ஞாயிறு காலை ஓடி முடித்துவிட்டு மைதானத்தில் பந்தையும் உதைப்பவர் என்றால் உங்களுக்கும் ஒன்பது மாதம்தான்.

ஜனவரியில் மாரத்தானுக்குப் பணம் கட்டிவிட்டேன். அறுவை சிகிச்சை ஜூலையில் நடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் கொடுக்கும் மேசையில் நில்லுங்கள். ஆறு மாதத்தில் 42 கிலோமீட்டருக்கு நான் சம்மதிக்க மாட்டேன். சைக்கிளால் உங்கள் நெஞ்சு தயாராக இருக்கலாம், 25-ஆவது கிலோமீட்டருக்குப் பிறகு களைத்த தொடை முழங்காலைத் தாங்காது. அடுத்த ஆண்டுக்கு மாற்ற முடியுமா என்று அமைப்பாளர்களைக் கேட்டுப் பாருங்கள்.

எடை கூடிவிடும் என்று சாப்பாட்டைக் குறைத்துவிட்டேன்.

கூட்டுங்கள். தசை கரைகிற நேரத்தில் பட்டினி போட்டால் மேலும் கரையும். சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்கள் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் சாப்பிட வேண்டும்; 60 கிலோ என்றால் 96 கிராம். இட்லி, சாம்பார், தயிர்சாதத்தில் இது வராது. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கோப்பை வேகவைத்த கொண்டைக்கடலையில் 14, 15 கிராம். மீன், கோழி, பனீர், சோயா, பயறு என்று மூன்று வேளையும் ஒன்று தட்டில் இருக்கட்டும்.

எந்த அறிகுறி வந்தால் சைக்கிளை விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

கெண்டைக்கால் வீங்கி, சூடாகி, அழுத்தினால் வலித்தால்: ரத்தம் உறைந்திருக்கலாம். அதோடு மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள். காய்ச்சலோடு முழங்கால் சிவந்து கொதித்தாலோ, தையலிலிருந்து சீழ் வந்தாலோ அன்றே போக வேண்டும். 'டப்' என்ற சத்தத்தோடு முழங்கால் நழுவி, சில மணி நேரத்தில் வீங்கினாலும் அப்படியே.

ஓடத் தொடங்கிவிட்டேன். ட்ரெய்னரை விற்றுவிடலாமா?

ஓர் ஆண்டு முடியும்வரை வைத்திருங்கள். வாரத்துக்கு ஐந்து நாள் ஓடியவர் என்றால் மூன்று நாள் ஓட்டம், இரண்டு நாள் சைக்கிள் என்று வைத்துக்கொள்வது இந்தக் கட்டத்தில் சரியான கலவை. நீண்ட ஓட்டத்துக்கு மறுநாள் சைக்கிள் வரும்படி அமைத்தால் காலுக்கு ஓய்வும் நெஞ்சுக்கு வேலையும் கிடைக்கும். அதற்குப் பிறகும் விற்பீர்களா என்பது சந்தேகம்தான். என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேருக்குச் சைக்கிள் பிடித்துப்போய்விட்டது; அடுத்து எந்தச் சைக்கிள் வாங்கலாம் என்று கேட்கிறார்கள்.